அவசரத்துக்கு யார் பெயர்

அன்பு மகள் தேவிஸ்ரீக்கு, ரெம்பியாவிலிருந்து அம்மா எழுதுகிறேன். இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள் ம்மா, மணி பன்னிரண்டே முக்கால் ஆகிறது, கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். இங்கே எங்கள் மூன்று பேர் உடம்புக்கும் ஒன்றும் குறைவில்லை. நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாக இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டேன். அப்பா லோரி எடுத்துக்கொண்டு குவாந்தான் போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார். தம்பி கவிநேசன் தூங்கிவிட்டான். வாட்ஸ்அப்பில் போட்டால் நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பிவிட்டு வார்டுக்குப் போய்விடுவாய், அதனால்தான் காகிதம். இந்த உறைக்குள் உன் பிறப்புப் பத்திரமும் எஸ்.பி.எம். தேர்வுச் சான்றிதழும் இருக்கின்றன. அவை தொலையவே இல்லை. தேடுகிறேன் தேடுகிறேன் என்று பதினோரு நாளாக நான் உன்னிடம் சொன்னது பொய். என் அலமாரியில் கூறைப்புடவைக்கு அடியில்தான் இருந்தன, வைத்தவள் நான்தான்.

உனக்குக் கோபம் வரும், வரட்டும், ஆனால் முழுக்கப் படி. அன்றைக்கு அந்த மருத்துவமனைத் தாதி வேலை விண்ணப்பப் பாரத்தைப் படம் பிடித்து அனுப்பி, அப்பாவின் ஐ.சி. அடையாள அட்டை நம்பர் சரியா என்று கேட்டாய். நம்பர் சரிதான். அதற்குக் கீழே அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற கட்டத்தில் என் தங்கை வாணி பெயர் இருந்தது. உறவு என்ற இடத்தில் சின்னம்மா என்று எழுதியிருந்தாய். நான் போனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், அடித்துத் திருத்தின அடையாளம்கூட இல்லை, யோசிக்காமல் எழுதியிருக்கிறாய். பெற்றவள் பள்ளிக்கூட ஆபீசில் நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளின் பாரத்தைச் சரிபார்க்கிறாள், தன் பிள்ளையின் பாரத்தில் அவளுக்கு இடமில்லை. அப்புறம்தான் நீ ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டாய், நான் எங்கே வைத்தேனோ தெரியவில்லை என்றேன். வியாழக்கிழமை நேர்முகத் தேர்வுக்கு அவை இல்லாமல் உன்னை உள்ளேயே விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அந்த வேலை கிடைக்காவிட்டால் நீ இங்கே வந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். பக்கத்து வீட்டு முனியாயி அக்கா மகள் பவானேஸ்வரி தெங்கேராவில் டயாலிசிஸ் நிலையத்தில் வேலை பார்க்கிறாள், தினமும் ஆறரைக்கு வீட்டுக்கு வந்து வேலைக்குக் காலில் போட்டுப் போன வெள்ளைச் சப்பாத்தைக் கழுவிக் கேட் மேலே காயப் போடுகிறாள். அந்தச் சப்பாத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது ம்மா, ஒளிக்க என்ன இருக்கிறது. அங்கே இன்னும் ஆள் எடுக்கிறார்களாம், உனக்காக நான் விசாரித்துக்கூட வைத்துவிட்டேன், உன்னைக் கேட்காமல்.

பாரம் வருவதற்கு முன்னாலேயே மனசுக்குள் ஒன்று அரித்துக்கொண்டுதான் இருந்தது. நோயாளியைக் கட்டிலிலேயே வைத்துக் குளிப்பாட்டும் பரீட்சைக்கு முன்னால் நீ வாணியைப் படுக்கவைத்துப் பழகினாயே, அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் அவள் போட்டிருந்தாள். மகாராணி மாதிரி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள், நீ அவள் கால் விரல் இடுக்கைத் துடைக்கிறாய். எல்லாரும் சிரிப்புப் படம் போட்டார்கள், நானும் போட்டேன். தீபாவளிக்கு நீ வந்தபோது பிரஷர் பார்க்கட்டுமா என்று கேட்பாய் என்று மூன்று நாள் அரைக்கை ரவிக்கையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். நீ கேட்கவில்லை, களைப்பில் தூங்கினாய். நீ போன பிறகு பாயா ரும்புட் மருந்துக் கடையில் நானே ஒரு பிரஷர் மெஷின் வாங்கிவிட்டேன். நூற்று இருபத்தெட்டு காட்டுகிறது, பயப்படாதே.

நேற்றுப் பொறுக்க முடியாமல் வாணிக்குப் போன் போட்டு, என் மகளைப் பாரத்தில்கூட எழுதி வாங்கிக்கொண்டாயா என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் அவள் சொன்னாள், நீ முதல் வருஷம் கல்லூரிப் பாரத்தில் என் பெயரைத்தான் எழுதியிருந்தாய், ஒன்றரை மாதத்துக்கு முன்னால் வார்டில் ஊசி உன் விரலில் குத்திய அன்றைக்குத்தான் வார்டனிடம் கெஞ்சி மாற்றினாய் என்று. ஒரு நோயாளிக்குப் போட்ட ஊசி, மூடப் போகும்போது குத்திவிட்டதாம். ரத்தம் எடுத்தார்களாம், அந்த நோயாளியின் ரத்தத்தையும் பார்த்தார்களாம், மூன்றாம் மாதம் உன் ரத்தத்தை மறுபடி பார்க்க வேண்டுமாம், நாலு மணி நேரம் அவள் உன் பக்கத்தில் உட்கார்ந்து மைலோ வாங்கிக் கொடுத்தாளாம். எனக்கு ஏண்டி சொல்லவில்லை என்று கத்தினேன். அக்கா, ஒனக்குச் சொன்னா நீ அந்த நிமிஷமே பஸ் ஏறி வந்து நிப்ப லா, வந்து படிப்பே வேணாம்னு இழுத்துட்டுப் போயிருவ, புள்ள ஊசிக்குப் பயப்படல, ஒனக்குத்தான் பயந்துச்சு என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். அவள் சொன்னது சரி. இழுத்துக்கொண்டுதான் வந்திருப்பேன்.

இரண்டரை வருஷம் பயிற்சி லாக் புக்கில் ஒவ்வொரு வேலைக்கும் கையெழுத்து வாங்க நீ எப்படி அலைந்தாய், காலை ஷிப்டுக்கு நாலரைக்கு எழுந்தாய், மருந்துக் கணக்குப் பரீட்சையில் ஒரு தடவை விழுந்து மறுபடி எழுதி முடித்தாய். அதையெல்லாம் ஒரு புடவைக்கு அடியில் அமுக்கிவிடப் பார்த்தேன். உன்னிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. நீ ஏழு மாதக் குழந்தையாக இருக்கும்போது எனக்கு டிப்ளோமா கடைசி வருஷம், உன்னை வாணி இடுப்பில் கொடுத்துவிட்டு நான்தான் மலாக்கா பஸ் ஏறினேன். அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. நீ முதன்முதலில் அம்மா என்று கூப்பிட்டது அவளை. எல்லாரும் சிரித்தார்கள். நான் படிக்க அவள் உன்னை வைத்துக்கொண்டாள், இப்போது நீ படிக்கவும் அவளே பக்கத்தில் இருக்கிறாள். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குப் பொறாமைதான் வருகிறது, இன்றைக்கும் போகவில்லை, போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

ஆனாலும் பாரத்தில் அவள் பெயரே இருக்கட்டும், மாற்றாதே. அவள் வீட்டிலிருந்து அந்த மருத்துவமனைக்குப் பத்து நிமிஷம், எனக்கு ஆறு மணி நேரம், அவசரத்துக்கு அவள்தான் சரி. ஏதாவது நடந்தால், நீ வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவின பிறகு எனக்குச் சொல், அன்றைக்கே சொல், அடுத்தவர் வாயால் கேட்கவைக்காதே. நான் பஸ் ஏற மாட்டேன், அழுவேன், அது வேறு. மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனைக்கு எந்தத் தேதி என்று எழுது.

காலையில் எட்டரைக்குத் தபால் நிலையம் திறந்ததும் இதை நானே போஸ் லாஜூ விரைவுத் தபாலில் போடுகிறேன், செவ்வாய்க்குள் கிடைத்துவிடும். ஒவ்வொன்றிலும் இரண்டு நகல், தலைமையாசிரியரிடம் சரிபார்ப்புக் கையெழுத்து வாங்கியது, உள்ளே இருக்கிறது. அதைப் போன வாரமே வாங்கிவிட்டேன், ஏன் வாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. வியாழக்கிழமை பசியோடு போகாதே. கேட்டதற்கு எல்லாம் முடியும் முடியும் என்று தலையாட்டாதே, தெரியாததைத் தெரியாது என்று சொல். கை கழுவிக் கழுவித் தோல் வெடிக்கிறது என்றாயே, படுக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவு. தெங்கேராவில் நான் விசாரித்ததை மறந்துவிடு. மறக்காவிட்டாலும் சரி.

எடுத்த வேலையில் நிலைத்து நில், உன் கை பட்டவர்கள் எல்லாம் சுகமாக எழுந்து போகட்டும், நீயும் நோய் நொடி அண்டாமல் இரு, அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வாணி சின்னம்மாவிடம் நான் பிறகு பேசுகிறேன், நீ எனக்காக ஒன்றும் சொல்ல வேண்டாம். சான்றிதழ்கள் கைக்கு வந்தனவா என்று சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா
மலர்க்கொடி சேகரன்