தவளைக் கால் மறுபடி உதைக்க எவ்வளவு நேரம்?

ஆகஸ்ட் 8, திங்கள். திருப்பதி

காலையிலேயே புழுக்கம். லேபில் ஃபேன் ஓடலை.

தவளைக் கால், நரம்போடு. நரம்பில் விடாமல் கரண்ட். நாலு நிமிஷம் உதைத்தது, அப்புறம் அசையலை. "சச்சிப்போயிந்தம்மா," என்றார் புரொஃபசர். சாகலை சார் என்று கரண்டை நேரே சதையில் வைத்தேன். எகிறியது. குனிந்து பார்த்தவர் திடுக்கிட்டு, உதையைக் கோடாகக் கீறும் கரி பூசிய உருளையில் மூக்கை இடித்துக்கொண்டார். மதியம் வரை மூக்கு கறுப்பு. யாரும் சொல்லலை.

ஆக, சதைக்குக் களைப்பில்லை. நரம்பு நுனியில்தான் விஷயம். சதையை உதைக்கவைக்கும் மருந்து அங்கே குட்டிக் குட்டிப் பொட்டலமாக இருக்கு. விடாமல் அடித்தால் காலி. சும்மா விட்டால் மறுபடி நிரம்பும். எவ்வளவு நேரத்தில்? அதுதான் என் ஆராய்ச்சி.

வெள்ளிக்கிழமை ஐதராபாத்திலிருந்து பெரிய புரொஃபசர். அவருக்குப் பிடிக்கலைன்னா எல்லாம் நின்னுடும். சித்தூரில் நைனா எனக்கு டீச்சர் வேலை பேசிவைத்திருக்கார்.

தவளை மீதி: ஒன்று. தவளை கேட்டு நைனாவுக்குக் கார்டு.

ஆகஸ்ட் 11, வியாழன்

தூறல். நைனா ரயிலில் வந்தார், மூடின கூடையில் எட்டுத் தவளையோடு. பாகாலாவில் ஒரு அம்மா கேட்டாங்களாம்: "இன்னா பெரியவரே, கூடை கத்திக்கினு கீது?"

"எம்பொண்ணு படிப்பும்மா." திறந்து வேற காட்டியிருக்கார். வந்து சேர்ந்தது ஐந்து.

மதியம் ஒத்திகை. கால் நின்றதும் ஓய்வு விடணும். புரொஃபசருக்குப் பொறுமையில்லை. அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் ஸ்விட்சைத் தட்டி, "வச்சிந்தா?" ஓய்வே விடாமல் உதை எங்கே வரும்? "கையை எடுங்க சார்!" கத்திவிட்டேன். நானா!

ஆகஸ்ட் 12, வெள்ளி

ஐதராபாத்காரர் முன்னால் கால் உதைத்தது, நின்றது. "இப்போ ஓய்வு. யாரும் தொடாதீங்க."

வாசலில் நைனா தலை குனிந்து, கண் மூடி, உதடு மட்டும் அசைய. ஜெபம். ஐதராபாத்காரர் அதைப் பார்த்து, யாருக்கோ அஞ்சலி என்று நினைத்துச் சட்டென எழுந்து நின்றார். அவரைப் பார்த்து எங்கள் புரொஃபசரும். ஒரு தவளைக்காக மொத்த லேபும் மௌனம். நானும் கண்ணை மூடினேன், சிரிப்பை அடக்க.

நைனா "ஆமென்" என்றதும் ஸ்விட்ச். உதைத்ததே! கோடு கிட்டத்தட்ட பழைய உயரம்.

"எத்தனை நிமிஷம் ஓய்வு?" என்றார் ஐதராபாத்காரர்.

கடிகாரத்தை யார் பார்த்தது?

"பரமண்டல ஜெபம் எட்டு தபா சார்," என்றார் நைனா, வாசலிலிருந்தே.

அவர் சிரித்து முடிக்கவே நேரமானது. "டிசம்பரில் வர்றேன். அப்போ நிமிஷத்தில் சொல்லும்மா." தொடரலாம்! தொடரலாம்!

ஆகஸ்ட் 13, சனி

நைனா கிளம்புமுன் உட்காரவைத்து எட்டு தபா சொல்லச் சொன்னேன். கையில் ஸ்டாப் வாட்ச். மூணு நிமிஷம் நாற்பது செகண்ட். எழுதப் போனேன்.

"அத எழுதாதம்மா," என்றார். "நேத்து இன்னும் மெதுவா சொன்னேன். கால் எழுந்துக்காம பூட்டா நீ அழுவியேன்னு."