பல் போன சிங்கங்கள்

ஜனவரி 7, திங்கள்

மழை. அம்மானின் சுவைலிஹ் பகுதியில் இருக்கும் என் ஜிம்மின் கூரை மறுபடி ஒழுகுகிறது. காலை வகுப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் வங்கிக்காரர்கள். பாதி நேரம் குத்துகிறார்கள், மீதி நேரம் குத்துவதைப் படம் எடுக்கிறார்கள். ஒருவன் கையுறை மாட்டிவிடச் சொல்லி என்னிடம் கையை நீட்டினான், மருதாணிக்கு உட்கார்ந்த கல்யாணப் பெண் மாதிரி. மாட்டிவிட்டேன். இத்தனை வருஷம் கூண்டுக்குள் அடி வாங்கியதற்குக் கிடைத்த உத்தியோகம் இது.

மதியம் ஃபவ்வாஸ் கூப்பிட்டார். அம்மானில் கூண்டுச் சண்டை என்றால் அவர்தான் நடத்த வேண்டும். எல்லாரும் பாஷா என்று கூப்பிடுகிறார்கள். முன்பு கல்யாணங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விட்டவர். இப்போதும் அதே தொழில்தான், நாற்காலிக்குப் பதில் மனிதர்கள். மார்ச்சில் பெரிய நிகழ்ச்சியாம். பெயர், ‘சிங்கங்கள் திரும்புகின்றன’. நானும் சுஹைரும் மோத வேண்டுமாம்.

சுஹைர். பக்கத்து ஊரான ஸர்க்காக்காரன். பஹ்ரைனில், மனாமாவில் என் கடைசிச் சண்டை அவனோடுதான். மூன்று நடுவர்களில் இரண்டு பேர் அவன் ஜெயித்தான் என்று எழுதினார்கள். அந்த இரண்டு பேருக்கும் குத்துக்கும் தும்மலுக்கும் வித்தியாசம் தெரியாது. அதற்குப் பிறகு நான் கூண்டில் ஏறவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது?

ஜனவரி 9, புதன்

சம்மதித்துவிட்டேன்.

என் மனைவி இப்திசாம் தட்டைத் தூக்கி மேசையில் வைத்த சத்தத்திலேயே அவள் பதில் இருந்தது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: “ஜெயிச்சா என்ன பண்ணுவ, நிதால்? அதைச் சொல்லு முதல்ல.”

பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான், வீட்டிலும் பரீட்சை.

ஜனவரி 24, வியாழன்

முழங்கால் படிக்கட்டில் எனக்கு முன்னால் பேசுகிறது. மூச்சு இரண்டாவது சுற்றிலேயே சலாம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. பரவாயில்லை, சுஹைருக்கும் வயசு ஏறியிருக்கும்.

சுஹைர் தினம் ஒரு வீடியோ போடுகிறான். பழைய டயர் குவியல் முன்னால் சட்டை இல்லாமல் நின்றுகொண்டு, என்னை மனாமாவில் நடந்து போக விட்டதே பாவம் பார்த்துத்தான் என்கிறான். வாய் மட்டும்தான் அவனுக்கு எப்போதும் உடம்பில் நல்ல நிலையில் இருக்கிற உறுப்பு. அதைப் பார்த்து நாலு லட்சம் பேர் கை தட்டுகிறார்கள். இந்த நாட்டில் வேலை இல்லாதவர்கள் இவ்வளவு பேர் என்று அரசாங்கத்துக்குத் தெரியுமா?

பிப்ரவரி 2, சனி

ஹோட்டலில் பத்திரிகையாளர் சந்திப்பு. பாஷா நடுவில் உட்காரவில்லை. எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார், வாயும் வாயும் மோதட்டும் என்று. நான் சுஹைருக்கு இடது பக்கம். முடிந்து எழும்போது என்ன தோன்றியதோ, கையை நீட்டினேன். வேண்டா வெறுப்பாகத்தான், ஆனால் நீட்டினேன். அவன் நேரே பார்த்துக்கொண்டு நின்றான். என் கை அந்தரத்தில் தொங்கியது. கேமராக்காரர்களுக்கு விருந்து.

பொறுக்கி. ஸர்க்காவுல கழிவுத் தண்ணி குடிச்சு வளர்ந்தவன். எதிரி வீட்டுக்கு வந்தாக்கூட காபி ஊத்துற ஊர்டா இது. மார்ச் வரட்டும். அந்த வாயில பல்லு எத்தனை இருக்குன்னு எண்ணிடறேன்.

பிப்ரவரி 4, திங்கள்

அந்தச் சந்திப்பின் வீடியோவை மறுபடி பார்த்தேன். வயிற்றெரிச்சலுக்குத்தான் பார்த்தேன். பிறகு வேறு காரணத்துக்காக.

இடது பக்கத்திலிருந்து ஒரு பெண் கேள்வி கேட்கிறாள். சுஹைர் கண்ணைத் திருப்பவில்லை, கழுத்தையே திருப்புகிறான், கதவு திறப்பது மாதிரி. இடது கைப்பக்கம் இருந்த காபிக் கோப்பையைத் தட்டிவிடுகிறான். என் கை அவன் இடுப்புக்கு அருகில் நீள்கிறது. அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. மறுக்கிறவன் முகத்தில் கொஞ்சமாவது திமிர் இருக்கும். அவன் திமிரை எனக்குத் தெரியாதா?

அவன் பார்க்கவே இல்லை.

பிப்ரவரி 8, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து ஸர்க்காவுக்கு வண்டியை விட்டேன். சுஹைர் அங்கே பழைய கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். கதவுகள், பம்பர்கள், அவன் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், “என்ன, வண்டியில எது உடைஞ்சு போச்சு?” என்றான்.

மேசையில் மாண்டரின் பழங்கள் இருந்தன. ஒன்றை எடுத்து அவன் இடது பக்கம் எறிந்தேன். கன்னத்தில் பட்டுக் கீழே விழுந்தது. கை எழவேயில்லை.

குனிந்து பழத்தை எடுத்தான். உரித்தான். தின்றான். “உன் குத்துன்னு நினைச்சு சந்தோஷப்படாத. உன் கையில அவ்வளவு பலம் என்னிக்கும் இருந்ததில்ல. பயிற்சியில ஒருத்தன் முழங்கை பட்டது, இடது கண்ணுல விழித்திரை கிழிஞ்சிருச்சு” என்றான்.

வலது கண்ணிலும் அதே திரை மெலிந்திருக்கிறதாம். ஒரு நல்ல அடி விழுந்தால் அதுவும் போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் எதற்கடா சண்டை என்று கேட்டேன். கடைக்கு வருகிறவர்கள் தன்னைப் பார்த்துக் கண்ணாடி இருக்கா, பம்பர் இருக்கா என்று மட்டும்தான் கேட்கிறார்கள் என்றான். இந்த ஒரு மாதமாகத்தான் தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம்.

முட்டாள். தடித்த முட்டாள். நானும் வேறு எதற்காக சம்மதித்தேன்?

கிளம்பும்போது சொன்னான்: “வெளிய சொன்னேன்னு வையி, பயந்து ஓடிட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவேன்.”

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். திரும்பி வரும் வழியெல்லாம் என் வலது கை ஸ்டீயரிங்கில் இல்லை. அவனுடைய இடது பக்கத்துக்கு நான் வீச வேண்டிய குத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்கு அது வருவதே தெரியாது. எவ்வளவு சுலபம்.

பிப்ரவரி 9, சனி

பாஷாவிடம் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை ஹுக்கா குழாயை வாயிலிருந்து எடுக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. தெரியும் அவருக்கு. அவருடைய டாக்டர்தான் தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கண்ணில் விளக்கு அடித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

“இதுல உனக்கு என்ன நஷ்டம், ஹபீபி?” என்றார். “இடது பக்கமாவே போ. நீ ஜெயிக்கணும்னுதானே நானும் ஆசைப்படறேன்.”

நாற்காலியைக்கூட ஈரத்தில் விடாமல் உள்ளே எடுத்து வைப்பார் இந்த ஆள்.

நான் விலகினாலும் பயனில்லை. நாளைக்கே வேறு எவனையாவது கொண்டுவந்து நிறுத்துவார். இருபத்திரண்டு வயசுக் கன்றுக்குட்டி ஒன்று வந்து சுஹைரைக் குருடாக்கிவிட்டுக் கூண்டின் மேல் ஏறி மார்தட்டும்.

பிப்ரவரி 10, ஞாயிறு

கூண்டுச் சண்டைச் சங்கத்தின் அலுவலகம். செயலாளர் ஓய்வுபெற்ற கர்னல். சண்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது, பதவி போவதைப் பற்றி எல்லாம் தெரியும். சுஹைரைப் பற்றிச் சொன்னால் ஆதாரம் கொண்டுவா என்பார், பாஷாவுக்குப் போன் போடுவார். ஆகவே என்னைப் பற்றிச் சொன்னேன்.

“கர்னல், எனக்குக் கண்ணு மங்கலா தெரியுது. கூண்டுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா கையெழுத்துப் போட்டவங்க பதில் சொல்லணும். அதான் முன்கூட்டியே சொல்லிடலாம்னு.”

காபிக் கோப்பையை வைத்துவிட்டார். இரண்டு பேரையும் அரசு மருத்துவமனைக்கு அனுப்பு, இரண்டு பேர் கண்ணையும் பார்க்கச் சொல் என்று உடனே உத்தரவு. கோழைகளால்கூட சில நேரம் காரியம் நடக்கிறது.

பிப்ரவரி 17, ஞாயிறு

நிகழ்ச்சி ரத்து. ‘மருத்துவக் காரணங்களால்’ என்று சங்கம் இரண்டு வரி வெளியிட்டிருக்கிறது. யாருடைய கண் என்று சொல்லவில்லை.

என்னுடைய கண்கள் கழுகுக் கண்கள் என்றார் டாக்டர்.

பிப்ரவரி 21, வியாழன்

நான் சங்கத்துக்குப் போனது எப்படியோ வெளியே வந்துவிட்டது. கண் வலிக்கிறது என்று கெஞ்சினேனாம், அழுதேனாம். ஃபலாஃபில் கடைக்காரன் பொட்டலத்தை என் கையில் வைத்து, விரல்களை மடக்கியும் விட்டான். “இங்கதான் இருக்கு பாஸ், தெரியுதா?” வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். இவர்களில் ஒருவனும் வாழ்க்கையில் மூக்கில் ஓர் அடி வாங்கியவனில்லை.

வங்கிக்காரர்களில் மூன்று பேர் வகுப்பை விட்டுவிட்டார்கள். கூரை ஒழுகியபோது விடாதவர்கள்.

சுஹைர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். டயர் முன்னால் நின்று வீடியோ: “நிதால் ஓடிட்டான். ஓடறதுக்கு மட்டும் கண்ணு நல்லாத் தெரிஞ்சிருக்கு.”

இப்திசாம் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் நேராகக் கேட்டாள், ஆஸ்பத்திரியில் நடந்ததைத் தானே ஊருக்குச் சொல்லிவிடட்டுமா என்று. வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். அவன் தெருவில் அவனை யாரும் பாவம் பார்க்க வேண்டாம், திட்டட்டும், அதுதான் அவனுக்கு ஒத்துக்கொள்ளும் என்றேன். பிறகு தேநீர் போட எழுந்து போனாள். நான் தேநீர் கேட்கவே இல்லை.

பிப்ரவரி 27, புதன்

பாஷா என் போனை எடுப்பதில்லை. இந்த வருஷத்தின் முதல் நல்ல செய்தி.

மார்ச் 9, சனி

மாலை வகுப்பு முடிந்து விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுஹைர் வந்து நின்றான். நன்றி சொல்ல வரவில்லை. சொல்லியிருந்தால் வெளியே தள்ளியிருப்பேன். கூரையைப் பார்த்தான், பழைய பைகளைப் பார்த்தான், இது ஜிம்மா கோழிப்பண்ணையா என்று கேட்டான். உன் கடையைவிடத் துரு கம்மி என்றேன்.

குத்து, உதை கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டாராம். மல்யுத்தத்துக்கும் சரி என்று தலையாட்டவில்லையாம், தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சலித்துக்கொண்டாராம். செருப்பைக் கழற்றினான்.

முழங்காலிட்டே ஆரம்பித்தோம், மெதுவாக, தலையை விட்டுவிட்டு. தரையில் கட்டிப் புரளும்போது கண் எதற்கு? என் எடை எங்கே சாய்கிறது, எந்தக் கை தளர்கிறது, எல்லாம் அவன் தோலுக்கே தெரிந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. அவனுக்கும் வாங்கியது, ஆனால் என்னைவிடக் கம்மி. முதுகுப் பக்கம் ஏறினான், கை என் கழுத்தைச் சுற்றியது, நான் தாடையை இறக்குவதற்குள் பூட்டிவிட்டான்.

தோற்றேன் என்று அவன் முழங்கையை இரண்டு முறை தட்டினேன். உடனே விட்டான்.

மல்லாந்து கிடந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, “இந்த வங்கிக்காரங்களுக்கு இதெல்லாம் யாரு சொல்லித் தர்றது? நீயா?” என்றான்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு வகுப்பு, வந்து தொலை என்றேன்.