ரேவதியின் மல்பெரி

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில் சுள். ரேவதி என்னோடு கோபித்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்கு, வந்தவாசிக்குப் போய் இன்றோடு எழுபத்தோரு நாள். போன் செய்தால் எடுப்பாள். "சாப்டீங்களா?" அதோடு சரி.

அவள் போன அன்று பின்கட்டில் காயப்போட்ட சந்தன நிறப் பட்டு நூலில் அவள் நட்ட மல்பெரியின் பழம் விழுந்து கறை. தெருவே கேட்கக் கத்தினேன், "செடியையும் எடுத்துகினு உங்க ஊட்டுக்கே போ"ன்னு. போய்விட்டாள். செடி இங்கே.

பழம் ஓய்ந்ததும் வருஷாவருஷம் அவள்தான் வெட்டிவிடுவாள். எப்படி என்று கேட்கலாம். கேட்க மாட்டேன். திமிர்.

வாங்க வேண்டியது: சர்க்கரை, கொசுவத்தி. அரிவாளுக்குச் சாணை.

ஜூன் 10, செவ்வாய்

மதியம் வரை தறி. பிறகு செடி. எதிர்வீட்டு ஏழுமலை அண்ணன் எட்டிப் பார்த்தார். ஒரு காலத்தில் கிருஷ்ணகிரி பக்கம் பட்டுப்புழு வளர்த்தவர்.

"இன்னாப்பா, நுனிய கிள்ளிகினு கீற? தரையோட ஒரே வெட்டு. ஜல்தியா துளிர்க்கும். எலை ஒண்ணொண்ணும் கையகலம் வரும்."

அவருக்குத் தெரியாததா? செடியை முழங்கால் உயரத்துக்கும் கீழே வெட்டிவிட்டேன். பின்கட்டு வெறிச்சென்று ஆகிவிட்டது. அவள் உட்கார்ந்து அரிசி புடைக்கும் இடத்தில் வெயில். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வந்தது.

ஜூன் 11, புதன்

நெய்ய மனமில்லை. இரண்டு முறை இழை அறுந்தது. செடியை போட்டோ எடுத்து ரே.வுக்கு அனுப்பினேன். உடனே போன். போன பிறகு அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"யாருங்க இப்டி வெட்ட சொன்னது? இது எலைக்கு வெட்ற வெட்டு. பழத்துக்கு பெரிய கெளைய விட்டுட்டு பக்கத்துல போறத தான் கொறைக்கணும். நீங்க இன்னா, புழுவா வளக்க போறீங்க?"

ஏழு நிமிஷம் திட்டு. இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாளா என்றிருந்தது.

வைக்கும் முன்: "துளிர் வந்தா நல்லதா மூணு விட்டுட்டு மீதிய கிள்ளிடுங்க. அப்ப தான் தேறும்."

ஜூன் 21, சனி

துளிர் ஒன்பது. தினம் போட்டோ, தினம் அவள் போன். நேற்று பேச்சு செடியிலிருந்து என் இருமலுக்கு வந்தது. சுக்குக் கஷாயம் போடச் சொன்னாள். போட்டேன். ஒரே காரம்.

ஒன்றையும் கிள்ளவில்லை. கிள்ளிவிட்டால் அப்புறம் எதற்குப் போன் செய்வாள்?

இன்னொன்று. நூல் காயும் கொடியை மல்பெரிக்கு அடியில் கட்டியது நான். "வேணாங்க, பழம் விழும்"னு அவள் அன்றே சொன்னாள். இதை இன்னும் அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 23, திங்கள்

தூறல். மின்சாரம் இல்லை. போனில் சார்ஜ் கொஞ்சம்தான்.

"கிள்ளிட்டீங்களா?"

"இல்ல."

"எதுக்கு ஒம்போதையும் வச்சிகினு கீறீங்க?"

"கொடிய அங்க கட்னது நான் ரேவதி. தப்பு என்னுது. எந்த மூணுன்னு எனக்கு தெரியல. நீ வந்து கிள்ளு."

அந்தப் பக்கம் அவள் அம்மா வீட்டு டிவி சத்தம் குறைந்தது. "நான் வர்ற வரைக்கும் ஒண்ணத்தையும் தொடாதீங்க."