மாமா வீட்டு மாடி அறை

வாடிப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

பாசமுள்ள அண்ணனுக்கு, தங்கை அன்னக்கொடி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். மதினி போன பிறகு நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் கவலை. ஒரு வாரமாக என் போனை எடுக்கவில்லை. அழகுபாண்டியைக் கேட்டால், அப்பா பட்டறையில் இருக்கிறார் அத்தை என்று அதையே சொல்கிறான். பாவம், உங்கள் மகனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. அதனால்தான் காகிதம் எடுத்தேன். இதையாவது பாதியில் வைக்காமல் படியுங்கள்.

பிள்ளை சத்யப்ரியாவை மதுரையில் காலேஜ் ஹாஸ்டலிலேயே சேர்ப்பதாக முடிவு செய்ததை நீங்கள் வேறு யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வர முடியாது என்றதும், அவனியாபுரத்தில் நான் எதற்கு இருக்கிறேன் என்று முதலில் கேட்டவர் நீங்கள். என் வீட்டுக்காரரைக் கேட்டால், அண்ணனும் தங்கச்சியும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று துண்டை உதறிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அவர் பிழைத்தார்.

உங்கள் வீட்டு மாடி அறையைப் பார்க்க வந்த அன்று அசந்துபோனேன் அண்ணே. ஜன்னல் கம்பியும் கட்டிலும் உங்கள் கையால் வெல்டிங் வைத்தவை. கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டு, பிள்ளைக்குப் பயம் வேண்டாம் என்று இழுத்துக் காட்டினீர்கள். பெற்றவர்களுக்குக்கூட அவ்வளவு யோசனை வராது. அப்புறம் மதினி படத்தைப் பார்த்து, "இனிமே வெளக்கேத்த ஆள் வந்தாச்சு மாயக்கா" என்றீர்கள். நீங்கள் கண்ணைத் துடைத்ததால் பிள்ளையின் முகத்தைக் கவனிக்கவில்லை.

பஸ்ஸில் சமயநல்லூர் தாண்டியதும் அவள் கேட்டாள்: "அம்மா, நான் மாமா வீட்டுக்குப் படிக்கப் போறேனா, வாக்கப்பட்டுப் போறேனா?"

அழகுபாண்டி தங்கமான பிள்ளை. அவளே ஒருநாள் வந்து அவனைக் கட்டிக்கொள்கிறேன் என்றால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவள் யார்? ஆனால் அவள் வந்து சொல்ல வேண்டும்.

நான் இந்த வீட்டுக்குப் படிக்கத்தான் வந்தேன். அத்தை வீடு, பள்ளிக்கூடம் பக்கம் என்றார்கள். என் டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து கூட்டி வந்தது நீங்கள். பன்னிரண்டாவது ரிசல்ட் வருமுன்னே அத்தை மகனுக்குப் பரிசம் போட்டாயிற்று. அவர் நல்லவர், என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் என்னை யாரும் கேட்கவில்லை அண்ணே. அதை நினைத்தால் இன்றைக்கும் அழுகை வருகிறது. நீங்களும் அன்று பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல்தான் போனீர்கள். அழுதுகொண்டு போனீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஹாஸ்டலில் ஓர் அறைக்கு நாலு பேர். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டுமாம். படட்டும், பழகிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே விடுவார்கள். அன்றைக்கு அவளுக்கு உங்கள் வீட்டுச் சோறு வேண்டும். இது நான் சொல்வதல்ல, அவள் சொல்வது. உள்ளூரில் பொறுப்பானவர் யார் என்று வார்டன் கேட்டதற்கு உங்கள் பெயரைத்தான் அவள் சொன்னாள்.

புதன்கிழமை காலை கொண்டுபோய் விடுகிறோம். உங்கள் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள், மாமா வராமல் ஹாஸ்டல் கேட்டுக்குள் போகமாட்டேன் என்கிறாள். என்னைத் திட்டுவதென்றால் அங்கே வைத்தே திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அவளுக்கு வாங்கியது சக்கரம் வைத்த பெட்டி, யாரும் தூக்க வேண்டியதே இல்லை. இருந்தாலும் நீங்கள் வந்து தூக்குங்கள் அண்ணே.

உங்கள் தங்கை,
அன்னக்கொடி