கண்ணாடிப் பெட்டிக்குள் சாக்ஸ்

மச்சான், இன்று புதுக்கோட்டை மியூசியத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று சிரித்துவிட்டேன். நீங்கள் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது இதுதான் முதல் தடவை. நம் மகள் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கால ரோமாபுரிப் பட்டாளத்துக்காரர்கள் எதைத் தின்றார்கள், எதை உடுத்தினார்கள் என்று கண்காட்சி. நீங்கள் பட்டாளத்தில் இருந்தவராயிற்றே, பட்டாளம் என்றால் அம்மா வருவாள் என்று மகள் கூட்டிப்போனாள். திரிகைக் கல், ஆணி அடித்த செருப்பு, ஒரு சாக்ஸ். பக்கத்தில், குளிர்தேசத்துக் காவலில் இருந்த ஒருவனுக்கு மரச்சில்லில் எழுதி வந்த கடிதத்தின் நகல். மகள் வாசித்தாள். சாக்ஸ் அனுப்பியிருக்கிறது, செருப்பு இரண்டு ஜோடி, உள்ளாடை இரண்டு.

எனக்கு ஆலங்குடி ஜவுளிக்கடை ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் பனிமலையில் இருப்பதாகத் தெரிந்து சாக்ஸ் வாங்கப் போனேன். நம் ஊர் வெயிலில் கம்பளி சாக்ஸை யார் கண்டது? கடைக்காரர் எத்தனாம் வகுப்புக்கு என்று கேட்டார். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சாக்ஸ் நாலு ஜோடியைப் பார்சலில் பார்த்துக் கூடாரமே சிரித்ததாக லீவில் வந்து சொன்னீர்கள்.

கூட வந்த கடிதத்தையும் விடவில்லை. "மத்தவன் பொண்டாட்டியெல்லாம் பக்கம் பக்கமா எழுதுறாளுக. ஒன் லெட்டரு மளிகைச் சீட்டு மாதிரி இருக்கு" என்றீர்கள். நான் என்ன செய்வேன்? உங்கள் அப்பா வீடே கேட்க வாசித்துவிட்டுத்தான் கவரை ஒட்டுவார். சாக்ஸ் நாலு ஜோடி, பருப்புப்பொடி ஒரு டப்பா, மாடு கன்று போட்டது. அதற்கு மேல் என் பேனா ஓடாது.

ஆசையாக ஒரு வரிகூட எழுதாமல் இந்த மனுஷனை அனுப்பிவிட்டோமே என்று, உங்கள் காரியம் முடிந்த பிறகும் மனசு அறுத்துக்கொண்டே இருந்தது. உங்கள் டிரங்குப் பெட்டியில் என் கடிதக் கட்டு இருந்தது. ஒரு ஜோடி வெள்ளைச் சாக்ஸால் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தீர்கள். தூக்கிப்போட மறந்திருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன்.

மரச்சில்லை வாசித்து முடித்து மகள் சொன்னாள்: "யாரோ இவன்மேல உசுரா இருந்திருக்காங்கம்மா. இல்லாட்டி கால் குளிருமேன்னு தோணுமா?"

முன்பின் தெரியாத ஒருவனுக்கு வந்த பட்டியலில் அவளுக்கே அது தெரிகிறது. உங்களுக்குத் தெரியாமலா முடிச்சுப் போட்டு வைத்தீர்கள்? மனசிலிருந்த பாரம் இறங்கிவிட்டது, மச்சான். அப்போதுதான் சிரித்தேன்.

இப்போது கடிதத்தை வாங்கி வாசிக்க உங்கள் அப்பா இல்லை. எதை வேண்டுமானாலும் எழுதலாம். உட்கார்ந்தால் வருவதென்னவோ இதுதான். கடலை பிடுங்கியாச்சு. மோட்டார் ரூமுக்குப் புதுப் பூட்டு போட்டாச்சு. உங்கள் சாக்ஸைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.