உன் போர்வையை வெந்நீரில் போட்டேன்

என் தங்கமே, சுமதிக் கண்ணு,

நீ விட்டுப்போன மூன்று பூனைக்குட்டிகளில் இரண்டு நன்றாக இருக்கின்றன. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு வீட்டார் அவற்றைக் கேட்டிருக்கிறார்கள். உடம்பில் பூச்சி இல்லாமல் கொடுக்கணுமாம். அந்தச் செவலைக் குட்டிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பால் பவுடரைக் கரைத்து, நீ செய்கிற மாதிரி ஊசியில்லாத சிரிஞ்சில் கொடுத்தால், முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

எனக்குப் பூனை என்றாலே ஆகாது. "தெருவுல கெடந்ததுக்கெல்லாம் நம்மூடுதான் கெடச்சுதா?" என்று உன்னைத் திட்டினேன். "கொஞ்ச நாளைக்குத்தானுங்கம்மா, வளத்திக் குடுத்தரலாம்" என்று நீ சிரித்தாய். அதற்குள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். குட்டிகள் கண் திறந்ததைக்கூட நீ பார்க்கவில்லையே?

போன வாரம் என் கணுக்காலெல்லாம் தடிப்பு. குட்டியின் ரோமத்தை விலக்கினால் கறுப்புக் கறுப்பாக ஓடுகிறது. உன் அப்பா சூலூர் மாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஒரு பொடி வாங்கி வந்தார். தூவப் போகிற நேரத்துக்கு, உன்னிடம் குட்டிகளைக் கொடுத்தாளே நித்யா, அவள் வந்தாள்.

"ஏனுங்கப்பா, இது நாய்க்குப் போடறதுங்க! பூனைக்குப் போட்டா செத்துப் போயிருமுங்க."

"உண்ணி மருந்துன்னு கேட்டேன், குடுத்தான். பொடியென்ன நாயா பூனையான்னு ஆளப் பாத்தா கொல்லுது?"

"ஆமாங்கப்பா, இது ஆளப் பாக்குமுங்க. அதுமில்லாம இது உண்ணியே இல்லீங்க, தெள்ளு. உண்ணின்னா ஒட்டிட்டே கெடக்கும். இது குதிக்குது பாருங்க."

நமக்குக் கடிக்கிறதெல்லாம் உண்ணிதான். அந்த ஒரு சொல்லால் மூன்றும் போயிருக்கும், கண்ணு.

நித்யாவோடு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே டாக்டர் செவலையின் வாயைத் திறந்து காட்டினார். ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. "ரத்தம் பூரா தெள்ளு குடிச்சிருச்சுங்கம்மா. இத்துணூண்டுக்கு மருந்து போட முடியாது. வெதுவெதுப்பாத் தண்ணி ஊத்தி, பேன் சீப்புல வாரி எடுங்க" என்றார். அப்படியே செய்தேன். வாரி வந்ததையெல்லாம் சோப்புத் தண்ணீரில் முக்கினேன். துவட்டி, சூடு போகாமல் மடியில் வைத்துக்கொண்டேன். மறுநாள் பார்த்தால் மறுபடியும் ஏறியிருக்கிறது.

"எதுலீங்கம்மா படுக்குதுக?" என்று நித்யா கேட்டாள்.

உன் கட்டம் போட்ட போர்வையில்தான். கருமாதியன்று உன் அத்தை உன் துணியெல்லாம் மூட்டை கட்டினாள். இதை மட்டும் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். துவைக்கவில்லை. உன் தலை எண்ணெய் வாசம் அதில் இருந்தது. நான் அதைப் போர்த்திப் படுத்தால் மூன்றும் வந்து உள்ளே புகுந்துகொள்ளும். அதுகளுக்கும் உன் வாசம் தெரிந்ததோ என்னவோ?

"முட்டை பூரா துணியிலதானுங்கம்மா இருக்கும். சுடுதண்ணியில போடாம என்ன செஞ்சாலும் திரும்ப ஏறுமுங்க."

"வெயில்ல போட்டாப் பத்தாதா கண்ணு?"

"பத்தாதுங்கம்மா."

உன் அப்பா அண்டாவை அடுப்பில் ஏற்றினார். நீ போனதிலிருந்து உன் பேரையே எடுக்காத மனுஷன். கொஞ்ச நேரம் கழித்து, "புள்ள, தண்ணி கொதிக்குது" என்றார்.

போர்வையை ஒரு தரம் முகத்தில் வைத்துப் பார்த்தேன். உன் வாசமா, பூனை வாசமா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிறகு உள்ளே போட்டேன். தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி ஆனது. தெள்ளு குடித்த ரத்தமாம்.

இன்று செவலை இரண்டு வாய் பால் குடித்தது. பிழைக்குமா என்று கேட்காதே. டாக்டரே சொல்லவில்லை. உன் உதடும் கடைசியில் இப்படித்தான் வெளுத்திருந்தது. அன்றைக்கு இதைச் செய், அதைச் செய் என்று யாருமே என்னிடம் சொல்லவில்லையே?

துணிகளை விடாமல் கொதிக்க வைப்பேன். மூலை முடுக்கெல்லாம் கூட்டி, குப்பையை அன்றன்றைக்கே வெளியே தள்ளுவேன். இதன் ஈறு சிவக்கிற வரைக்கும் மடியை விட்டு இறக்க மாட்டேன். போனாலும் என் மடியிலிருந்துதான் போகும். உன்னை ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு நின்ற மாதிரி இதை விட மாட்டேன், கண்ணு. இது சத்தியம்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா