ஆட்டை விட்டுவிட்டு வரலாம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றி நலம் என்று முழுதாக எழுத மனம் வரவில்லை, உடம்பு நலம், அவ்வளவுதான்.

போன மாதம் போனில் நீ கேட்டாயே, அம்மா உசிரா வளர்த்த மாட்டை வித்துட்டு வெட்டுறதுக்கு ஆடு வாங்கியிருக்கீங்களே, எப்படிப்பா மனசு வந்துச்சுன்னு. நான் போனை வைத்துவிட்டேன், கோபம் என்று நினைத்திருப்பாய். கேட்கிறவர்களிடமெல்லாம் நான் சொல்கிற பதில் ஒன்று உண்டு. ஆட்டுக்குத் தீவனம் கொஞ்சம் போதும், பின்பக்கத்து முள்ளுச் செடியைக்கூட மொட்டையடித்துவிடும், ஒரே ஈற்றில் இரண்டு குட்டி போடும், கறிக்கு எப்போதும் ஆள் வரும், அறுபது வயதுக்காரன் தனியாகவே பிடித்து நிறுத்தலாம், மாடு மிதித்தால் எலும்பு மிஞ்சாது. எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்காக நான் வாங்கவில்லை.

ஆடு உன் அம்மாவின் யோசனை. நீ ஊரை விட்டுப் போன வருடமே சொன்னாள், கறவையை வித்துட்டு கறிக்கு ஆடு வளப்போங்க, ஆட்டுப் பாலைக் குட்டி குடிச்சுக்கும், யாராவது தண்ணி வெச்சாப் போதும், நாம ரெண்டு பேரும் போய்ப் பொண்ணைப் பாத்துட்டு வரலாம், இந்த மாட்டைக் கட்டிக்கிட்டு தெருமுனைக்குக்கூடப் போக முடியலைன்னு. நான் சிரித்தேன். பால்காரன் கசாப்புக்காரனுக்குச் சேவகம் பண்ணுவதா என்று கேட்டேன். அப்புறமும் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். அவள் விட்டுவிட்டதை நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன் பார், அந்த முட்டாள்தனத்தை எங்கே போய்ச் சொல்வது.

உன் அம்மாவின் கடைசி நாளைப் பற்றி நீ என்னிடம் கேட்கவே இல்லை, நானே எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி ஆனதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். போங்க, மடி கட்டிக்கும், கத்தும் பாவம் என்றாள். அந்தச் செவலைப் பசு எப்படி என்று உனக்குத் தெரியும், வேறு கை பட்டால் பாலை அடக்கிக்கொள்ளும், எங்கள் இரண்டு பேர் கைக்குத்தான் விடும். கறந்துவிட்டு ஆறு மணிக்குள் வந்துவிடலாம் என்று கிளம்பினேன். நாலாவது மாட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் உடனே எடுக்கவில்லை. அவள்தான் போகச் சொன்னாள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், அந்தச் சமாதானம் ஒட்டவில்லை. அவள் சொன்னாலும் நான் போயிருக்கக் கூடாது.

ஆறு மாட்டையும் மறு மாதமே விற்றேன். செவலை வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தது, நான் பார்க்கவில்லை. இன்னும் விடிவதற்கு முன்னால் எழுந்து வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகை வாசலில் நிற்கிறேன், உள்ளேயிருந்து இருபது ஆடும் இந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்பதுபோல் பார்க்கின்றன. சரியான வாலில்லாக் குரங்குகள், வேலியில் விரல் நுழைய இடம் இருந்தால் வெளியே வந்துவிடும். கறக்கும்போது உன் அம்மா மேலே போட்டுக்கொள்ளும் பழைய சட்டை ஆணியிலேயே தொங்கியது, ஒரு குட்டி அதன் கையைத் தின்றுவிட்டது. ஓங்கி அடித்துவிட்டேன். அப்புறம் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் அழுதேன். கறிக்குப் போகிற உயிர்தான், அதற்கு அது தெரியாது. வண்டியில் ஏற்றுகிற நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை, அதனால் கல்மனசுக்காரன் என்று மட்டும் நினைக்காதே.

நீ உண்டாகியிருப்பதை உன் அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்பாகிட்ட சொல்லாதீங்க அத்தை, அவருக்கு மாடு இருக்கு, எப்படியும் வரப்போறதில்லைன்னு நீ சொன்னதையும் சேர்த்தே சொன்னாள். நான் மாட்டை விற்றது அப்போது உனக்குத் தெரியாது. வலித்தது, ஆனால் நீ சொன்னதில் தப்பில்லை. உன் பிரசவ மாதத்தில் எந்த ஆடும் குட்டி போடக்கூடாது என்று கணக்குப் பார்த்துக் கிடாவைத் தனியாகப் பிரித்துக் கட்டி வைத்திருந்தேன். எதிர் வீட்டு வெல்டிங்காரர் காலையில் திறந்துவிட்டு மாலையில் அடைத்துக்கொள்கிறேன் என்கிறார். ஒரு மாதம் வேண்டுமானாலும் என்னால் இருக்க முடியும். பிள்ளையைக் குளிப்பாட்ட எனக்குத் தெரியாது, துணி துவைப்பேன், நீ தூங்கும்போது தூக்கி வைத்துக்கொள்வேன்.

வெறும் வயிற்றோடு இருக்காதே, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. நீயும் பிள்ளையும் நூறு வயது வாழ வேண்டும். நான் வரட்டுமா என்று மட்டும் ஒரு வரி எழுது. வரவேண்டாம் என்றாலும் எழுது, தாங்கிக்கொள்வேன். மாட்டைக் காரணம் காட்டி மட்டும் வேண்டாம் என்று சொல்லாதே அம்மா, மாடு இப்போது இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா